இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம்

மாண்புமிகு வேளாண்மை – உழவர் நலத் துறை அமைச்சர் அவர்களுக்கும், வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும்,



திருவண்ணாமலை மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் கொல்லையும் ஒரு கிணறும் வைத்துப் பயிர் செய்கிறவள் நான். இந்த மடலில் கடன் தள்ளுபடியோ கொள்முதல் விலையோ கேட்கவில்லை. அவை வேண்டாம் என்பதில்லை. அவற்றைக் கேட்க என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது ஓர் அளவு. இரும்புப் பட்டையில் போடும் இரண்டு துளைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதை அரசு ஒருமுறை சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். அது ஏன் சின்னதில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிலக்கடலைக்கு விதைத்த இருபதாம் நாள் வாக்கில் ஒரு களை. நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் இன்னொரு களையும் மண் அணைப்பும். அதற்குப் பிறகு விழுது மண்ணில் இறங்கத் தொடங்கிவிடும். மண்ணைக் கிளறக் கூடாது. இந்தக் கணக்கு உங்கள் துறையின் கையேட்டிலும் இருக்கிறது, எங்கள் பாட்டிமாருக்கும் தெரிந்திருந்தது. ஆக, களை என்பது ஒரு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டிய வேலை. அந்த வாரத்தில் ஊரில் எல்லார் கொல்லையிலும் களைதான். காசு கையில் இருந்தாலும் ஆள் கிடைக்காது.

அதனால்தான் மூன்று வருடங்களுக்கு முன் மானியத்தில் ஒரு பவர் வீடர், அதாவது எஞ்சினால் ஓடும் களையெடுக்கும் வண்டி, வாங்கினேன். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. வேறொரு கம்பெனியில் வாங்கிய பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் இதே கதைதான். கைப்பிடி என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. இறக்குவதற்கென்று வைத்திருந்த பல்லில் கடைசிப் பல்லுக்குக் கொண்டுபோயும் எனக்கு இறங்கவில்லை. பிளேடு, கடலை வரிசையைவிட அகலம். ஓரத்துப் பிளேடுகளைக் கழற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டாம் பட்டத்தில் பிளேடு மாட்டும் அச்சு தேய்ந்துபோனது. டவுனில் கடையில் கேட்டதற்கு, பொருள் வெளி மாநிலத்திலிருந்து வர வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். களைக்கு ஒரு மாதம் கிடையாது. பக்கத்துக் கொல்லைக்காரர் தன் வண்டியின் அச்சைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். இரண்டு வண்டிக்கும் ஒரே குதிரைத்திறன், பார்வைக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அறுகோண அச்சின் பருமன் மட்டும் வேறு. அந்தச் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தால் இரண்டு வண்டிகளும் ஒன்றுக்கொன்று உதவாத இரும்பாக நின்றன.

அன்று சாயங்காலம் நான் போய் நின்ற இடம் எங்கள் ஊர் ரோட்டோர வெல்டிங் பட்டறை. அங்கே கேட் செய்வார்கள், ஜன்னல் கம்பி வைப்பார்கள், டிராக்டர் கலப்பை விரிசல் விட்டால் ஒட்டித் தருவார்கள். பட்டறைக்கார அண்ணன் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிளின் முன் சக்கரத்தையும் போர்க்கையும் கொண்டுவந்தார். பின்பக்கம் பைப்பில் இரண்டு கைப்பிடி. கீழே ஒரு பட்டை. பட்டையில் மாட்ட, லாரியின் பழைய லீஃப் ஸ்பிரிங்கைக் காய்ச்சி வெட்டி, துளை போட்டு, மறுபடி தோய்த்து, ஆறு அங்குல அகலத்துக்கு ஒரு கத்தி. இந்தச் சைக்கிள் களைக்கருவி அவர் கண்டுபிடித்ததல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்ப் பட்டறைகளில் எத்தனையோ கைகள் செய்து செய்து வந்த வடிவம் அது. நீங்கள் மாவட்டச் சுற்றுப்பயணத்தில் பார்த்திருப்பீர்கள்.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. என்னோடு களையெடுக்கும் அக்கா என்னைவிட அரையடி குட்டை. எனக்குச் சரியாக இருந்த கைப்பிடி அவருக்குத் தோளில் இடித்தது. அண்ணன் பைப்பில் வரிசையாக ஐந்து துளை போட்டுக் கொடுத்தார். போல்ட்டை இடம் மாற்றினால் உயரம் மாறும். செம்மண்ணில் கத்தி நன்றாக ஓடியது, கிணற்றடி ஈர மண்ணில் சிக்கியது. அங்கே கத்தி வேண்டாம், விரல் மாதிரி மூன்று கொத்து வையுங்கள் என்றார் இன்னொருவர். ரொம்ப நேரம் தள்ளினால் இடுப்பு விட்டுப்போகிறது என்று பேச்சு வந்தபோது அக்கா சொன்னார்: “முன்னால ஒரு வளையம் வச்சுக் கயிறு கட்டு தம்பி. ஒருத்தி இழுக்கட்டும், ஒருத்தி அமுக்கிப் புடிக்கட்டும்.” போர்க்கில் ஒரு வளையம் ஏறியது. மண் அணைக்க இரண்டு சிறகு வைத்த சின்னக் கலப்பை ஒன்றும் பிறகு சேர்ந்தது. கத்தி, கொத்து, கலப்பை மூன்றும் ஒரே பட்டையில், இரண்டு 10 எம்எம் போல்ட்டில் உட்காரும். வரப்பில் உட்கார்ந்து ஒரு 17 நம்பர் ஸ்பேனரால் மாற்றிக்கொள்ளலாம். அந்த அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. வளையம் எங்கே வர வேண்டும், எந்தச் சாய்வில் கயிறு இழுத்தால் கத்தி மேலே எழும்பாது என்று அவர் சொன்னபடிதான் ஒட்டினோம். இன்றுவரை அதை மாற்றத் தேவைப்படவில்லை.

அடுத்த பட்டத்தில், நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் இன்னொரு பட்டறை இதே மாதிரி கருவி செய்வதைக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவர்கள் கத்திரித் தோட்டத்துக்காக ஒரு வளைந்த கத்தி செய்திருந்தார்கள்; செடியின் தூரை ஒட்டிப் போகும், வேரைத் தொடாது. அழகான வேலை. காசு கொடுத்து வாங்கி வந்தேன். எங்கள் பட்டையில் மாட்டவில்லை. எங்கள் அண்ணன் இரண்டு போல்ட்டுக்கு நடுவே 60 மில்லிமீட்டர் விட்டிருக்கிறார். அவர்கள் 75 விட்டிருக்கிறார்கள். இருவரும் கையில் கிடைத்த பட்டைக்கு ஏற்றபடி போட்டதுதான். இருவர் மேலும் பிழை இல்லை. பவர் வீடர் கம்பெனிகள் என்னை எங்கே நிறுத்தினவோ, அதே இடத்தில் நாங்களே எங்களை நிறுத்திக்கொண்டோம்.

இந்த இடத்தில்தான் அரசின் ஞாபகம் வந்தது. எங்கள் அண்ணனால் 60 என்று தன் பட்டறைக்குச் சொல்லிக்கொள்ள முடியும். அடுத்த ஊருக்குச் சொல்ல முடியாது. எல்லா ஊருக்கும் பொதுவான ஓர் அளவைச் சொல்ல அரசால்தான் முடியும்.

கழற்றி மாட்டும்படி துண்டு துண்டாகச் செய்யும் பொருளை மாடுலர் என்கிறார்கள். நகரத்தில் சமையலறைக்கு அந்தச் சொல் வந்து நாளாகிவிட்டது. எங்கள் மரக்கலப்பைக்கு அந்தக் குணம் எப்போதும் இருந்தது. மேழி தனி, ஏர்க்கால் தனி, கொழு தனி, நுகத்தடி தனி. கொழு மழுங்கினால் கொழுவை மட்டும் உலைக்கு எடுத்துப் போவார்கள். நுகத்தை ஏர்க்காலில் முன்னே பின்னே நகர்த்திக் கட்டினால் உழவின் ஆழம் மாறும். அதற்கு ஒரு கயிறு போதும். உழுகிறவரின் உயரத்துக்கும் மாட்டின் உயரத்துக்கும் பார்த்து ஆசாரி மரத்தைச் செதுக்குவார். அந்தக் காலத்து ஏற்பாட்டைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆசாரியும் கொல்லரும் பிறப்பால் பட்டறையில் கட்டுண்டு கிடந்தார்கள், கூலிக்காகக் களத்து மேட்டில் காத்து நின்றார்கள். மேழியைப் பெண் தொடவே விடமாட்டார்கள். அதெல்லாம் போனது நல்லது. ஆனால் கருவி சரியில்லை என்றால் சொல்ல ஓர் ஆளும், சொன்னதைக் கேட்டு மாற்ற ஓர் ஆளும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். அது போனது நல்லதல்ல.

டிராக்டர் வந்த பிறகும் ஒரு நல்ல காரியம் நடந்தது. வட அயர்லாந்தில் விவசாயி மகனாகப் பிறந்த ஹாரி பெர்குசன், டிராக்டரையும் கலப்பையையும் மூன்று முனைகளில் இணைக்கும் முறையை உருவாக்கினார். 1926-ல் அதன் அடிப்படைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு அந்த மூன்று முனைகள் உலகத்துக்கே பொது அளவாயின. சின்ன டிராக்டருக்குக் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், அடுத்த வகைக்கு 28. சக்தி எடுக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. பஞ்சாபில் செய்த டிராக்டரில் சேலம் பக்கத்துப் பட்டறையில் அடித்த ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டுகிறது என்றால் இந்த அளவுகளால்தான். அந்தப் பட்டறைக்காரர் எந்த டிராக்டர் கம்பெனியிடமும் போய் நிற்கத் தேவையில்லை. ஊர் ஊராகக் கலப்பைப் பட்டறைகள் பிழைத்துக் கிடப்பதற்கு இந்தப் பொது அளவுகள் பெரிய காரணம். சைக்கிளிலும் அதே நியாயம்தான். எந்தச் சைக்கிள் கடையிலும் சக்கரத்துக்கு நட்டு கிடைக்கிறது. ஆகவேதான் செத்த சைக்கிளிலிருந்து எங்களால் களைக்கருவி எடுக்க முடிந்தது.

டிராக்டருக்குக் கீழே இருக்கிற எங்களுக்கு இப்படி எதுவும் இல்லை. கையால் தள்ளுகிற கருவிக்கும் இல்லை, பவர் வீடருக்கும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலத்தில் வரிசைக்கு நடுவே டிராக்டர் போகாது. இங்கே களையெடுப்பது பெரும்பாலும் பெண்கள். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இந்திய வேளாண் தொழிலாளர்களின் உடலளவுகளை மாநிலம் மாநிலமாக அளந்து தொகுத்திருக்கிறது. பெண்களின் சராசரி உயரம் ஆண்களைவிடப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் குறைவு என்று அதில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் வட்டார மையம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. அளவு தெரிந்திருந்தும் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கைப்பிடி வந்து சேர்ந்தது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். வடிவமைத்த இடத்துக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவே, கைப்பிடி சரியில்லை என்ற பேச்சு திரும்பிப் போக ஒரு வழியே இல்லை.

மானியத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு விலையில் 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் கிடைக்கிறது. அந்த உதவி இல்லாமல் என் போன்றவள் கொல்லைக்கு எஞ்சின் வந்தே இருக்காது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் அந்தப் பணம் போகிற வழியைப் பாருங்கள். பரிசோதனைச் சான்று பெற்ற, பட்டியலில் இடம்பெற்ற, பெட்டியில் வருகிற முழு இயந்திரத்துக்கு மட்டும் அது போகிறது. என் பட்டறைக்கார அண்ணனுக்கு ஒரு ரூபாய் போகாது. நான் வாங்கிய லீஃப் ஸ்பிரிங் துண்டுக்குப் போகாது. வளைந்த கத்தி செய்த அடுத்த ஊர்க்காரருக்குப் போகாது. வாங்குகிறவராக மட்டும் அரசு எங்களைப் பார்க்கிறது. செய்கிறவர்களாகவும், செய்யச் சொல்லித் தருகிறவர்களாகவும் நாங்கள் இருக்கிறோம் என்பதற்கு விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சொன்னவுடன் ஒரு நல்ல மனம் படைத்த அதிகாரி, “சரி, எல்லா வேலைக்கும் ஆகும் ஒரு மாடுலர் கருவியை நாமே வடிவமைத்து மானியத்தில் கொடுத்துவிடலாம்” என்று கிளம்பக்கூடும். அப்படிக் கிளம்பிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாதையில் ஏற்கெனவே போய்ப் பார்த்திருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே. ஹைதராபாத் அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் மாடு பூட்டும் சக்கரக் கருவித்தாங்கியைக் கரிசல் நிலத்துக்காகக் கையில் எடுத்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ழான் நோல் உருவாக்கிய டிராபிகல்டர் அதில் முக்கியமானது. ஒரே சட்டகம். அதில் கலப்பை மாட்டலாம், விதைக்கும் கருவி மாட்டலாம், களைக்கத்தி மாட்டலாம், பலகை போட்டால் வண்டி. ஆராய்ச்சிப் பண்ணையில் அது அருமையாக ஓடியது. 1988-ல் பால் ஸ்டார்க்கி என்பவர் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கருவித்தாங்கிகளின் கதையைத் தொகுத்துப் புத்தகமாக எழுதினார். 45-க்கும் மேற்பட்ட வடிவங்களில் ஏறக்குறைய 10,000 செய்யப்பட்டிருந்தன. அவற்றைப் பல வேலைக் கருவியாக வருடக்கணக்கில் பயன்படுத்திய விவசாயிகள் கணக்கில் வராத அளவுக்குக் குறைவு. பெரும்பாலானவை மூலையில் கிடந்தன, அல்லது வெறும் வண்டியாக ஓடின.

ஏன் என்றும் அவர் எழுதியிருக்கிறார். விலை அதிகம், எடை அதிகம், திருப்புவது கடினம், மாற்றி மாட்டுவது சள்ளை. எல்லா வேலையையும் ஒரே சட்டகத்தில் கட்டினால் அது உடைந்த அன்று எல்லா வேலையும் நின்றுபோகும் என்ற பயமும் விவசாயிகளுக்கு இருந்தது. எனக்கு அதில் தெரிவது இன்னொன்றும் உண்டு. துண்டு துண்டாக மாற்றலாம் என்று சொன்னார்கள். ஆனால் என்னென்ன துண்டு என்பதை எழுதி வைத்தவர்கள் பண்ணைக்குள் இருந்தார்கள். வெளியே இருந்தவர் தன் மண்ணுக்கு ஏற்ற புதுத் துண்டு ஒன்றைச் சேர்ப்பதற்கு வேண்டிய வழியை யாரும் திறந்து வைக்கவில்லை. ஆகவே சட்டகத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஓர் ஊரில் சைக்கிள் சக்கரத்தில் செய்வார்கள், இன்னொரு ஊரில் சக்கரமே இல்லாமல் இழுப்பார்கள். நீங்கள் இணைப்பை மட்டும் சொல்லுங்கள்.

இணைப்பை மட்டும் சொல்லி, மற்றதை விவசாயிகள் கையில் விடுவது நடக்கிற காரியம்தானா என்று கேட்டால், நடக்கிறது. பிரான்சில் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் ‘லத்தலியே பேசான்’ என்று ஒரு கூட்டுறவு அமைப்பு இருக்கிறது. உழவர் பட்டறை என்று பொருள். காய்கறி பயிரிடும் விவசாயிகள் தாங்களே செய்து வைத்திருந்த கருவிகளைத் தேடிப் போய், அளந்து, வரைந்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்ததில் அவர்கள் வேலை தொடங்கியது. வெல்டிங் மெஷின், டிரில் எல்லாம் ஏற்றிய வண்டியோடு ஊர் ஊராகப் போகிறார்கள். விவசாயிகள் சில நாட்கள் தங்கி, இரும்பு வெட்டவும் ஒட்டவும் கற்று, முடியும்போது தாங்கள் செய்த கருவியைத் தாங்களே ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் கருவிகள் பலவற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு முக்கோணச் சட்டம்: டிராக்டரில் ஒரு முக்கோணம், கருவியில் அதற்குப் பொருந்தும் இன்னொரு முக்கோணம். ஓட்டுகிறவர் இருக்கையை விட்டு இறங்காமல் கருவியை மாட்டலாம். எங்கள் இரண்டு துளைக்கு அண்ணன் முறை அது.

நம் நாட்டில் இப்படிப்பட்ட கைகளுக்கு என்றும் குறைவு இருந்ததில்லை. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி, 1994 வாக்கில், வறட்சியில் மாடு வைத்துக் கட்டுப்படியாகாத நிலையில், ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அங்கே இரண்டு சக்கரமும் கருவி மாட்டும் தண்டும் வைத்தார். உழலாம், விதைக்கலாம், களையெடுக்கலாம். ‘புல்லட் சாந்தி’ என்று அதற்குப் பெயர் வந்தது. அவரைப் போன்றவர்களைத் தேடிப் பதிவு செய்வதற்காக அனில் குப்தாவும் நண்பர்களும் தேனீ வலையமைப்பைத் தொடங்கினார்கள். அதன் வழியில் மதுரையில் சேவா அமைப்பு ‘நம்வழி வேளாண்மை’ என்ற தமிழ் இதழை நடத்தியது. பதிவு செய்ததோடு பரிசும் கொடுத்தார்கள். பெருமைதான். ஆனால் ஒருவருக்குக் கொடுக்கும் பரிசால் அடுத்த ஊர்க் கத்தி எங்கள் பட்டையில் மாட்டிவிடாது. அதற்குப் பொது அளவு வேண்டும்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். அந்த அளவைக் கோட்டையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். டெல்டாவின் களிமண்ணுக்கும், கோவில்பட்டிக் கரிசலுக்கும், எங்கள் செம்மண்ணுக்கும், தருமபுரிச் சரளைக்கும் தனித்தனியே ஒரு கூட்டம் போடுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிப் பேர் களையெடுக்கும் பெண்களாகவும், கால்வாசிப் பேராவது வெல்டிங், லேத் பட்டறைக்காரர்களாகவும் இருக்கட்டும். தங்கள் கருவியோடு வரச் சொல்லுங்கள். வருவதால் ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி இழப்பார்களோ அதைக் கொடுத்துக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் வர வேண்டியவர்கள் வர மாட்டார்கள். இரண்டு பட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கைக்கருவிக்கு இரண்டு துளையின் தூரமும் போல்ட்டின் பருமனும் போதும். எஞ்சின் வைத்த சின்ன வண்டிக்கு அச்சின் பருமனும், பின்பக்கம் கருவி மாட்டும் இடத்தின் அளவும் வேண்டும்.

கம்பெனிகள் கேட்குமா என்றால், கேட்கும். மானியப் பட்டியல் உங்கள் கையில்தான் இருக்கிறது. ‘இந்தப் பட்டியலில் இடம்பெறும் பவர் வீடரின் அச்சு இந்த அளவில் இருக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். மறு வருடம் எல்லா வண்டியும் அந்த அளவில் வரும். 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு வகைப் பொருள்களில் வேளாண் கருவிகளும் ஒன்று. டெல்லி முடிவெடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் மாநிலத்துப் பணத்துக்கு நாம் நிபந்தனை வைக்கலாம்.

அடுத்தது வரைபடம். வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் எங்கள் வரிப்பணத்தில் உருவாக்கிய கைக்கருவிகள் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றின் படத்தைக் கண்காட்சியில் பார்க்கிறோம். செய்யத் தேவையான அளவுகள் எங்கள் கைக்கு வருவதில்லை. உழவன் செயலியில் வானிலையும் வாடகை இயந்திரமும் கிடைக்கின்றன. அதிலேயே கருவி வரைபடங்களுக்கு ஓர் இடம் கொடுங்கள். தமிழில், பட்டறையில் புழங்கும் சொற்களில்: எத்தனை அங்குல ஆங்கிள், எந்த கேஜ் பைப், எத்தனை வெட்டு, எந்த இடத்தில் ஒட்டு. இரும்புக் கடையில் அப்படியே காட்டி வாங்குகிற மாதிரி ஒரு பட்டியல். ஒருவர் மாற்றிச் செய்தால், மாற்றியதையும் போட்டோவோடும் அளவோடும் அங்கேயே சேர்க்கும்படி இருக்க வேண்டும். கிணற்றடி ஈர மண்ணுக்கு மூன்று விரல் கொத்து என்று நாங்கள் கண்டதை வந்தவாசியில் ஒருவர் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டாம்.

வரைபடம் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்கே பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லித் தந்தால்தான் புரியும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் புதுப்பித்திருக்கிறீர்கள். கணினி வழி இயங்கும் லேத், வெட்டும் இயந்திரம், முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் அங்கே வந்திருக்கின்றன. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலம் அந்தப் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அதை விவசாயிகளுக்குத் திறந்துவிடுங்கள். ஒரு பயிற்றுநருக்குக் கூடுதல் சம்பளமும், பிள்ளைகளுக்கு நிஜமான வேலையும் கிடைக்கும். புணே அருகே பாபல் என்ற ஊரில் விஞ்ஞான் ஆசிரமம் 1983 முதல் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பட்டறை வேலை வழியாகவே பாடம் சொல்லித்தருகிறது. 2002-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யோடு சேர்ந்து அங்கே ஒரு ஃபேப் லேப், யாரும் வந்து பொருள் செய்து பார்க்கும் பட்டறை, வந்தது. வறண்ட ஊர் அது. அங்கே முடிந்தது ஆரணியிலும் முடியும். வட்டாரத்துக்கு ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டறைக்காரரையே ஐ.டி.ஐ.யில் கௌரவ ஆசிரியராக வையுங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள், அவர் செய்த கருவியைக் கேளுங்கள்.

பணம். கைக்கருவியைத் தானே செய்யவோ உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்கவோ விரும்பும் விவசாயிக்கு இரும்புக்கும் கூலிக்குமாக ஒரு சின்னத் தொகை, பவர் வீடர் ஒன்றுக்கு நீங்கள் தரும் மானியத்தில் சிறு பங்கு, நேராகக் கிடைக்கட்டும். பொது அளவில் துளை இருக்கிறதா என்பதைத் தவிர வேறு பரிசோதனை அதற்கு வேண்டியதில்லை. எஞ்சினோ மோட்டாரோ வைத்தால் விஷயம் வேறு. கதிரடிக்கும் இயந்திரத்தில் கைகள் போனதால்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. சுற்றுகிற தண்டுக்கு மூடி இல்லாத கருவியை யாரும், எங்கள் அண்ணனே செய்தாலும், வயலில் இறக்கக் கூடாது. அந்தப் பரிசோதனை கண்டிப்பாக இருக்கட்டும். ஆனால் சான்று வாங்கத் தொலைவில் உள்ள பரிசோதனை மையத்துக்கு இயந்திரத்தை லாரியில் ஏற்றிப் போக ஊர்ப் பட்டறைக்காரரால் முடியாது. மாவட்டத்தில் உங்கள் பொறியாளரே வந்து பார்த்து, மூடியையும் நிறுத்தும் பொத்தானையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் ஏற்பாடு வேண்டும்.

நம் பழைய கோயில்கள் சிலவற்றின் சுவரில், அடிப்பீடத்துக்கு மேலே, ஒரு நீளக் கோடும் இரு முனையில் சின்னக் குறுக்குக் கோடும் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் அளக்கும் கோலின் நீளம் அது. அளக்க வந்தவன் கோல் சரிதானா என்று யார் வேண்டுமானாலும் அந்தச் சுவரில் வைத்துச் சரிபார்க்கலாம். எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் அதேபோல் ஓர் இரும்புத் தகட்டைப் பதித்துத் தாருங்கள். தகட்டில் இரண்டு துளை. பட்டறைக்காரர் தான் செய்த கத்தியைக் கொண்டுவந்து போல்ட்டைப் போட்டுப் பார்ப்பார்.

எங்கள் பட்டறைக் கதவின் உள்பக்கம் இப்போது சாக்பீஸால் 60 என்று எழுதியிருக்கிறது. அடுத்த ஊரில் 75. கார்த்திகைப் பட்டக் கடலைக்கு முன் நீங்கள் கூப்பிட்டால், அந்த அக்காவும் அண்ணனும் நானும் கத்தி, கொத்து, கலப்பை மூன்றையும் வளையம் ஒட்டிய கருவியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறோம். பேசி முடித்து வருகிற எண் 75 என்றால், அல்லது இரண்டும் இல்லாத வேறோர் எண் என்றால், அண்ணன் எங்கள் பட்டைகளில் புதுத் துளை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பட்டைக்குப் பத்து நிமிடம் ஆகுமாம்.

இப்படிக்கு,
ஒரு நிலக்கடலை விவசாயி,
திருவண்ணாமலை மாவட்டம்.